அவசரப்பட்டதால் சேராத அடுக்குகள்

பந்துக்குள் பந்து. மருந்தை உடலுக்குள் மெதுவாக வெளியிடும் நுண்கோளம், அதாவது மிகச் சிறிய உருண்டை. மருந்து தாங்கிய பிஎல்ஜிஏ உள்ளே, சுற்றிலும் பிஎல்எல்ஏ ஓடு; இரண்டும் உடலுக்குள் சிதையும் பாலிமர்கள். தாளில் வரைய இரண்டு வட்டம் போதும். செய்து பார்க்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

ஒரே பாலிமரில் செய்த நுண்கோளங்களில், மேற்பரப்பை ஒட்டிய மருந்து முதல் நாளே வெளியே கொட்டிவிடும். மெதுவாகச் சிதையும் பிஎல்எல்ஏவை மேலே போர்த்தினால் அதை அடக்கலாம் என்பதுதான் கணக்கு. இரண்டு பாலிமரையும் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் கரைத்து, துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் பிவிஏ கலந்த நீரில் துளிகளாக்கிக் கலக்க வேண்டும். கரைப்பான் ஆவியாக ஆவியாக, ஒத்துப்போகாத இரண்டும் பிரிந்து, ஒன்று மற்றொன்றைத் தானாகவே சூழ்ந்துகொள்ளும்.

அந்தத் ‘தானாகவே’யை நம்பித்தான் ஏமாந்தேன். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதிக்கும். கொஞ்சம் சூடாக்கினால் சீக்கிரம் முடியுமே என்று நீரைச் சூடாக்கினேன். நுண்ணோக்கியில் பார்த்தால் அத்தனையும் அழகான உருண்டை. என் ஆராய்ச்சி கைடிடம் பெருமையாகக் காட்டினேன். “வெட்டிப் பார்த்தாயா?” என்றார்.

பெரிய உருண்டைகளை மட்டும் பொறுக்கி பிளேடால் வெட்டினேன். (பாதி தெறித்து ஓடிவிடும், மூச்சைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டும்.) எத்தில் அசிடேட் என்ற கரைப்பானில் கழுவினால் பிஎல்ஜிஏ மட்டும் கரைந்துபோகும். நடுவில் ஒரே குழி தெரிய வேண்டிய இடத்தில் சல்லடைக்கண் போல எத்தனையோ சிறு குழிகள். கரைப்பான் வேகமாகப் போனதில் துளி கெட்டியாகி, பிஎல்ஜிஏ ஒன்றுசேரும் முன்பே அங்கங்கே உறைந்துவிட்டது.

சரி, சூட்டை விட்டேன். கலக்கும் நீரில் முன்கூட்டியே கொஞ்சம் டைகுளோரோமீத்தேனைக் கலந்துவைத்தேன். அப்போதுதான் துளியிலிருந்து அது சட்டென்று நீருக்குள் இறங்காது. பல மணி நேரம், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இந்த முறை நடுவில் ஒரே குழி.

ஆனால் உள்ளே மருந்து இல்லை! என் மருந்து நீரில் நன்றாகக் கரையும் ரகம். துளி மெதுவாக இறுகினால் மருந்து கசிய நேரமும் கிடைக்கத்தானே செய்யும்? வெளிநீரில் உப்பு சேர்த்து, துளிக்கும் வெளிநீருக்கும் இடையே நீரை இழுக்கும் சவ்வூடு அழுத்தத்தைச் சமன்படுத்திய பிறகே ஓரளவு தங்கியது.

அப்புறம் உடலின் நிலையை ஒத்த 37 டிகிரியில், பிஎச் 7.4 பாஸ்பேட் பஃபர் கரைசலில் வெளியீட்டுச் சோதனை. முதல் நாள் கொட்டல் நின்றுவிட்டது. மூன்று வாரமாக, வெளிவந்த மருந்தின் அளவைக் காட்டும் கோடு ஏறவும் இல்லை. ஓடு தடிமனாகிவிட்டது போல. பிஎல்எல்ஏ அளவைக் குறைத்து நாளை மறுபடி கலக்க வேண்டும்.