உடல்தானப் பதிவேட்டைக் கணினிக்குக் கொண்டுபோன அனுபவம்

ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். உடல்தானப் பதிவுக்கு எங்களிடம் இருந்தது நாலு தடித்த பதிவேடுகளும், விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் ஆக்ஸஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு கோப்பும்தான். ஒருநாள் அந்தக் கணினி எழவே இல்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தகவல்களை மீட்ட பிறகுதான் புது மென்பொருளுக்கு அனுமதி கிடைத்தது. பதினைந்து நாளில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆனது.

முதலில் எழுத்துரு. பெயர், முகவரி எல்லாம் வானவில் எழுத்துருவில் அடித்தவை. எந்தக் கணினியிலும் ஒரே குறியீடாக இருக்கும் யூனிகோடை 2010-லேயே தமிழக அரசு தரமாக ஏற்றுக்கொண்டும் நாங்கள் மாறியிருக்கவில்லை. புது மென்பொருளில் ஒவ்வொரு பெயரும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நின்றது. எழுத்துருவை மாற்றும் நிரல் பாதியைச் சரிசெய்தது. கொம்பும் காலும் பிரிந்து கிடந்த மீதிப் பெயர்களைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு நானே திருத்தினேன். ஒரே மனிதர் ‘சு.’ என்றும் ‘எஸ்.’ என்றும் இரண்டு முறை இருந்தார். வேலூர் மாவட்டம் என்றிருந்த முகவரிகளை, 2019 பிரிவினைக்குப் பிறகு ராணிப்பேட்டையா திருப்பத்தூரா என்று ஊர் ஊராகப் பார்க்க வேண்டியிருந்தது.

இதில் அலட்சியம் கூடாது. இறப்பைச் சொல்லும் அழைப்பு பெரும்பாலும் நள்ளிரவில்தான் வரும். அழுகிற குரலிடம் ‘பெயரை இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்று திரும்பத் திரும்பக் கேட்க எனக்கு மனம் வராது. கண்தானமும் செய்வதாக இருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். இறந்தவர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் வாரிசுகள் மறுத்தால் நாங்கள் உடலைப் பெறுவதில்லை. அதனால் வாரிசுகளின் கைபேசி எண்தான் முக்கியம். பழைய கோப்பில் அதற்கு இடமே இல்லை. பலருக்கு இருந்தது செயலிழந்த லேண்ட்லைன் எண். கடிதம் போட்டோம், கிடைத்த எண்களில் எல்லாம் பேசினோம். சிலர் முன்பே இறந்து, குடும்பத்தார் தகனம் செய்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் அடையாள எண். உடலைப் பதப்படுத்தும் எம்பாமிங் மேசையிலிருந்து, மாணவர்கள் உடலை அறுத்துப் படிக்கும் டிஸெக்‌ஷன் ஹால் வழியாக இறுதி அடக்கம்வரை ஒரே எண் கூடவே வர வேண்டும், யார் எப்போது கையாண்டார் என்பதும் பதிவாக வேண்டும் என்று வலியுறுத்தினேன். 2004-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், உடல் பாகங்களை விற்றதாக அங்கிருந்த உடல்தானத் திட்டத்தின் இயக்குநரே கைதானார். கண்காணிப்பு தளர்ந்தால் எதுவும் நடக்கும்.

என் கவனக்குறைவும் ஒன்று உண்டு. மென்பொருளோடு வந்த பிறந்தநாள் வாழ்த்துக் குறுஞ்செய்தி வசதியை நான் அணைக்கவில்லை. எங்களிடமே உடலாக வந்து சேர்ந்துவிட்ட ஒரு பெரியவருக்கு வாழ்த்து போய்விட்டது. அவர் மகள் கூப்பிட்டார். கோபப்படவில்லை. “அப்பா இன்னும் அங்கேதான் இருக்காரா சார்?” என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது இறப்புத் தேதி ஏறியதுமே குறுஞ்செய்திகள் எல்லாம் நின்றுவிடும். குடும்பத்தாரிடம் மனிதர்தான் பேசுவார்.

எங்கள் அட்டெண்டர் அண்ணன் இன்றும் ஒவ்வொரு பெயரையும் பதிவேட்டில் கையால் எழுதிவிட்டுத்தான் கணினிக்கு வருகிறார். நான் தடுக்கவில்லை. மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திடுகிறோம்.