மாடியில் மிஞ்சிய வெயில்

காய்ந்த துணிகளை எடுக்க இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடிக்குச் சென்றபோது, தரை வெறுங்காலைச் சுட்டது.

சூரியன் மறைந்து வெகுநேரமாகியும் பகலின் வெப்பத்தைத் தளம் விடாமல் வைத்திருந்தது. நமது தூக்கத்தைக் கெடுக்கும் இதே குணத்தைக் கொண்டுதான், தெற்கு ஸ்பெயினில் 2011இல் திறக்கப்பட்ட கெமாசோலார் நிலையம் இரவிலும் மின்சாரம் தருகிறது.

அங்கே ஏறத்தாழ 2,650 கண்ணாடிகள் சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பி, 140 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில் ஒளியைக் குவிக்கின்றன.

அந்த உச்சியில் ஓடுவது தண்ணீர் அன்று, உருகிய உப்பு. சோடியம் நைட்ரேட்டுடன் பொட்டாசியம் நைட்ரேட்டைக் கலந்தது. பின்னது சிவகாசிப் பட்டாசில் சேரும் அதே வெடியுப்புதான். சுமார் 290 டிகிரியில் மேலேறும் இக்கலவை 565 டிகிரி வரை சூடேறி இறங்கி, தொட்டியில் காத்திருந்து, வேண்டும்போது நீராவியை உண்டாக்கிச் சுழலியைச் சுற்றுகிறது. வெயிலே இல்லாமல் 15 மணி நேரம் ஓடுமளவுக்கு வெப்பம் அதில் இருக்கும்.

குழாயில் ஆறினால் உப்பு உறைந்து அடைத்துக்கொள்ளும் என்பது இதிலுள்ள தலைவலி.

ராஜஸ்தானின் அபு ரோட்டில் பிரம்ம குமாரிகள் அமைத்த நிலையத்திலோ 770 பிரதிபலிப்பான்கள் குவிக்கும் வெப்பத்தை வார்ப்பிரும்பே சேமிக்கிறது. உறையும் கவலை இல்லாத இந்த எளிய வழியே எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது.

கெமாசோலாரின் திறன் 20 மெகாவாட்டுக்கும் சற்றுக் குறைவு. வெயிலை நேரடியாக மின்சாரமாக்கும் ஒளித்தகடுகள் மலிவாகிவிட்டதால் இத்தகைய கோபுரங்கள் பெருகவில்லை என்பதும் உண்மை. அத்தகைய தகடுகளால் ஆன நம் கமுதியின் சூரிய மின்நிலையம் 648 மெகாவாட். ஆனால், கோடை இரவில் வீடுதோறும் குளிரூட்டிகள் ஓடத் தொடங்கும்போது, அத்தகடுகளிலிருந்து ஒரு யூனிட்கூட வராது.