விதி என்ற ஒரே சொல்

ஜூன் 4

'அமைச்சர் காரிலிருந்து இறங்கினார். டிரைவர் கதவைச் சாத்தினான்.' இந்த இரண்டு வரியிலேயே கதைசொல்லி ஒரு பக்கம் சாய்ந்தாயிற்று. தமிழில் ஆளைச் சொன்னால் 'ஆன்', 'ஆள்', 'ஆர்' மூன்றில் ஒன்றைப் போட்டே ஆகவேண்டும். அரசியல் நாவல் எழுதுகிறவர்கள் கொள்கை விவாதத்துக்கு நாலு பக்கம் மெனக்கெடுகிறார்கள், விகுதியை மட்டும் கை போன போக்கில் விட்டுவிடுகிறார்கள்.

எழுதத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் பாத்திரங்களின் பெயரையும், எதிரே அவரவர் விகுதியையும் குறித்து வைப்பது நல்லது. கதைசொல்லி எல்லாருக்கும் ஒரே மரியாதை தருவது ஒரு முறை. அத்தியாயம் யார் கண்வழியே நகர்கிறதோ அவர் தரும் மரியாதையையே எழுதுவது இன்னொரு முறை. இரண்டாவதுதான் ருசி, சறுக்கலும் அதில்தான். பார்வை மாறிய பிறகும் பழைய விகுதி ஒட்டிக்கொண்டு வரும். 14ஆம் அத்தியாயத்தில் 'வந்தார்' என்றிருந்தவர் 15இல் 'வந்தான்' ஆனால், ஆள் பதவியிழந்ததற்கான ஜாடை என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். கணினியில் பெயரைப் போட்டுத் தேடினாலும் அகப்படாது, தமிழில் பாதி வாக்கியங்களுக்கு எழுவாயே இருப்பதில்லை. வாய்விட்டுப் படித்தால் காது பிடித்துவிடும்.

ஜூன் 7

1994, கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்று, பார்படாஸும் கிரெனடாவும். அடுத்த கட்டம் போக பார்படாஸ் 2 கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். போட்டியை நடத்தியவர்கள் ஒரு விநோத விதி வைத்திருந்தார்கள்: சமநிலையானால் கூடுதல் நேரம், அதில் முதல் கோலோடு ஆட்டம் முடியும், அந்தக் கோலுக்கு இரண்டு கோல் மதிப்பு.

2-0 என்று பார்படாஸ் முன்னால் இருக்கிறது. 83ஆவது நிமிடத்தில் கிரெனடா ஒன்று போட்டு 2-1 ஆக்குகிறது. மிச்சமிருக்கும் சில நிமிடத்தில் இன்னொரு கோல் அடிப்பது கஷ்டம். சமநிலையாக்கிவிட்டால் கூடுதலாக அரைமணி நேரம் கிடைக்கும், ஒரே கோலில் இரண்டு கோல் வித்தியாசமும் வந்துவிடும். ஆகவே 87ஆவது நிமிடத்தில் பார்படாஸ் வேண்டுமென்றே சேம் சைடு கோல் போட்டது. 2-2. கிரெனடாவுக்கு விஷயம் புரிந்துபோனது. 3-2 என்று ஜெயித்தாலும் சரி, 2-3 என்று தோற்றாலும் சரி, தகுதி பெறுவது அவர்கள்தான். இரண்டு பக்கக் கோலிலும் அடிக்கப் பார்த்தார்கள். பார்படாஸ் ஆட்கள் இரண்டு கோலையும் காத்து நின்றார்கள், எதிரணியின் கோலையும் சேர்த்து! கடைசியில் கூடுதல் நேரத்தில் கோல் போட்டு, ஏட்டுக்கணக்கில் 4-2 என்று ஜெயித்தார்கள்.

இந்தக் கதையில் வில்லன் கிடையாது. பைத்தியக்காரனும் கிடையாது. 22 பேரும் புத்தியோடுதான் ஆடினார்கள்.

ஜூன் 8

அதே கூத்து தேர்தலிலும் நடந்திருக்கிறது. ஜெர்மனியில் 2005 பொதுத்தேர்தலின்போது வேட்பாளர் ஒருவர் இறந்ததால் டிரெஸ்டன் தொகுதி ஒன்றில் மட்டும் இரண்டு வாரம் தள்ளி வாக்குப்பதிவு. மற்ற முடிவுகளெல்லாம் தெரிந்துவிட்டன. அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு: வேட்பாளருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. கணக்குப் போட்டுப் பார்த்தால், கட்சி ஓட்டு சுமார் 41,000ஐத் தாண்டினால் சிடியு கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடம் குறையும். கூடுதல் ஓட்டு கட்சியின் இடம் ஒன்றை வேறு மாநிலத்திலிருந்து, டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்துக்கு நகர்த்தும், சாக்சனியிலோ ஏற்கெனவே பங்குக்கு மேல் இடம் பிடித்திருந்ததால் அது கரைந்துபோகும். ஆதரவாளர்கள் பலர் வேட்பாளருக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, கட்சி ஓட்டை வேறு கட்சிக்குத் தந்தார்கள். கட்சி வரம்புக்குக் கீழேயே நின்றது. 2008இல் அரசியல் சாசன நீதிமன்றம், ஓட்டு கூடினால் இடம் குறையும் இந்த ஏற்பாடு செல்லாது என்றது.

சட்டத்தின் உட்பிரிவுக்கும் தலையெழுத்துக்கும் தமிழில் ஒரே சொல். விதி.

ஜூன் 11

இந்த மாதிரி விதியை நாவலில் வைக்கிறவர்கள் கோட்டைவிடும் இடம் எது? 87ஆவது நிமிடத்தில் கதையை நிறுத்திவிட்டு விதியை விளக்குவதுதான். வாசகர் திரும்பிப் பார்ப்பதற்குள் கோல் விழுந்திருக்க வேண்டும். ஆகவே இரண்டு, மூன்று அத்தியாயம் முன்பே விதி வந்துபோக வேண்டும், அதுவும் வேறு ஏதோ சண்டைக்கு நடுவில், சலிப்போடு ஒருவர் சொல்வதாக. அடுத்த தடவை அரை வாக்கியம் போதும். மூன்றாவது தடவை செயல் மட்டும். எண்களைக் குறைத்துவிட வேண்டும்: இரண்டு எண் வரை தலையில் நிற்கும், மூன்றாவது வந்தால் வாசகர் வரியைத் தாண்டிப் போய்விடுவார்.

ஜூன் 12

கால்பந்து ஆட்டத்தை எழுதினால் வர்ணனையாளர் குரல் தொற்றிக்கொள்கிறது. 90 நிமிடத்தில் பந்து உருள்வது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மிச்ச நேரம் ஷூ கயிறு, துப்பல், நடுவரிடம் வாக்குவாதம். கேமரா விட்டுவிடும் அந்த நேரம்தான் நாவலுக்கு ஆகும்.

ஜூன் 15

கால்பந்தில் ஆஃப்சைடுக்கு, அதாவது சக ஆட்டக்காரர் பந்தைத் தட்டும் கணத்தில் எதிரணித் தடுப்பைத் தாண்டி முன்னால் நின்றாரா என்று பார்க்க, வீடியோவில் சென்டிமீட்டர் கணக்கில் கோடு போடுகிறார்கள். நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில், நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 18 செ.மீ. நகர்ந்துவிடுகிறார். பந்தில் கால் பட்ட முதல் கணம் எந்தப் படம் என்பதைத் தீர்மானிப்பவர் ஒரு மனிதர். 2022 உலகக் கோப்பையில் பந்துக்குள் வைத்த சென்சார் நொடிக்கு 500 தகவல் அனுப்பியதால் அந்த இடைவெளி 1.8 செ.மீ. ஆனது. சர்ச்சை குறைந்ததா? கோபம் தோளிலிருந்து கால்விரலுக்கு இறங்கியதுதான் மிச்சம்.

ஜூன் 19

இந்தியாவின் கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்தது. மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் அது தாவல் இல்லை, பிளவு என்று அப்போது விலக்கு இருந்தது. 2003இல் அதை நீக்கினார்கள். இன்னொரு கட்சியோடு இணைய மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டும் என்ற விலக்கு மட்டும் நிற்கிறது.

கதைக்குச் சட்டமன்றத்தில் 9 உறுப்பினர் கொண்ட கட்சி போதும். 5 பேர் போனால் 5 பேர் பதவியும் ஆபத்தில். 6 பேர் ஆனால் இணைப்பு என்று வாதாடலாம். தலைவரை விட்டுவிட்டு அந்த ஆறாவது ஆளைப் பிடித்துக்கொண்டால் அத்தியாயம் தானாக நகரும். பேச எழுந்தே இராதவர், கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட ஆளில்லாதவர். அதுவரை எல்லா அத்தியாயத்திலும் மற்றவர் பார்வையில் 'வந்தான்', 'உட்கார்ந்தான்'. அன்று ராத்திரி பத்து மணிக்கு மேல், அவர் வீட்டு வாசலில் மூன்றாவது கார் வந்து நிற்கும்போது, 'எழுந்து வந்தார்'.