மெல்லிய கத்தியில் கனத்தை எப்போது எடுப்பது

கார்பன் எஃகில் மெல்லிய சமையல் கத்தி செய்கிற வேலையில், அடிக்கும்போது கெடுகிற கத்தி குறைவு. சிவக்கக் காய்ச்சி, கடினமாக்க எண்ணெயில் தோய்க்கும்போது கோணிப்போவதுதான் அதிகம். காரணத்தைத் தேடினால், உலைக்குப் போகும் முன்பே வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, அளவுக்கு மீறித் தேய்த்திருப்பார்கள்.

அந்த ஆசை புரியக்கூடியதுதான். பதம் (தோய்ப்பதால் வரும் கடினம்) ஏறாத எஃகு அரத்துக்குச் சுலபமாக இணங்கும். ஏறிய பிறகு தேய்ப்பு இயந்திரத்தின் பெல்ட்டைத் தின்னும். ஆனால் கால் மில்லிமீட்டருக்குத் தேய்ந்த வாய், முதுகு சூடேறுவதற்குள் மிகையாகச் சிவந்துவிடும். அங்கே எஃகின் உள்ளிருக்கும் நுண்மணிகள் பருத்து எஃகு நொறுங்கும் தன்மை கொள்ளும், மேல்தோலில் கார்பனும் எரிந்துபோகும். எண்ணெய்க்குள் போனால் முதலில் குளிர்வதும் அந்த வாய்தான். முதுகு சுருங்குமுன் அது இறுகிவிடுவதால் நெளிநெளியாக அலை விழும். மொத்தமாக வளைந்த கத்தியை நிமிர்த்தலாம். வாயில் விழுந்த அலையை நிமிர்த்த வழியில்லை, தேய்த்து எடுத்துவிட வேண்டியதுதான்.

ஆகவே 2 மில்லிமீட்டர் முதுகுள்ள கத்தியானால் தோய்க்கும் முன் வாயில் ஒரு மில்லிமீட்டராவது நிற்கட்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருப்பது இன்னும் முக்கியம்: ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் கத்தி ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். சம்மட்டி அடியின் இறுக்கம் உள்ளே தங்கியிருந்தாலும் இதே கதிதான். அடித்து முடித்ததும் சீராகச் சூடாக்கிக் காற்றில் ஆறவிடுவதை, ஒவ்வொரு முறையும் சூட்டைச் சற்றுக் குறைத்து, மூன்று முறை செய்துவிட வேண்டும்.

பழகுகிறவர்களுக்கு 1084 என்ற ரகக் கார்பன் எஃகு நல்லது. 1095 என்ற ரகம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அது சுமார் 800 டிகிரி செல்சியசிலிருந்து 540-க்குக் கீழே ஒரு விநாடிக்குள் இறங்கினால்தான் முழுப் பதம் ஏறும். 1084-ஐ 815 டிகிரி வரை ஏற்றினால் போதும். காந்தம் ஒட்டாமல் போவது 770 டிகிரியில், அதனால் காந்தம் விட்டதுமே தோய்த்தால் பதம் அரைகுறையாக நிற்கும். நிறம் இன்னும் ஒரு படி வெளுக்க வேண்டும். வெயில் விழும் இடத்தில் இந்த வேறுபாடு தெரியாது, உலை நிழலில் இருப்பது நல்லது.

எண்ணெய் 50 டிகிரிச் சூட்டில் இருக்கட்டும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக நின்று சூட்டை மெதுவாகத்தான் வாங்கும். கத்தியை நேர்குத்தாக இறக்கி, வெட்டும் திசையில் முன்னும் பின்னும் அசைக்கலாம், பக்கவாட்டில் அசைத்தால் கோணும். பத்து விநாடிக்குள் வெளியே எடுத்துப் பார்த்தால் கோணல் தெரியும்; கையுறையோடு நிமிர்த்த அப்போது சில விநாடிகள் கிடைக்கும். வெறுங்கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு வளைத்தால் கண்ணாடி மாதிரி உடையும்.

அரம் வழுக்கிக்கொண்டு ஓடினால் பதம் ஏறியிருக்கிறது. முதல் இழுப்பில் கடித்தால் பதற வேண்டாம், கார்பன் போன மேல்தோலாக இருக்கலாம். அதே இடத்தில் நாலைந்து முறை இழுத்துப் பாருங்கள். பிறகு நொறுங்கும் தன்மை குறைய, தாமதிக்காமல் 200 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை வைக்க வேண்டும். அடுப்பு முள் காட்டுவதை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி வைப்பது உத்தமம். மிச்சக் கோணல் இருந்தால் இரண்டாவது முறையில் தட்டையான இரும்புப் பட்டையோடு சேர்த்து, நடுவில் சிறு தகடு செருகி, கோணலுக்கு எதிர்ப்பக்கமாக இறுக்கி வைத்தால் நிமிரும்.

உண்மையான மெலிதாக்கம் இதற்குப் பிறகுதான். புது பெல்ட், வெறுங்கை, ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீர். மழுங்கிய பெல்ட் வெட்டாது, சூடுதான் ஏற்றும். வாயில் நீலம் படர்ந்தால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுப் பதம் இறங்கிவிட்டது. நிறத்தைத் தேய்த்து அழிப்பதால் பதம் திரும்பாது.

வாய்க்குப் பின்னால் 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும் கூர் வைத்து, வட்டமான பித்தளைக் கம்பியின் மேல் 15 டிகிரிச் சாய்வில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வாய் லேசாக வளைந்து திரும்புவது கண்ணுக்குத் தெரியும். சில்லு பெயர்ந்தால் அடுப்பில் 215 டிகிரியில் இன்னொரு முறை வைக்கலாம். வளைந்தபடியே நின்றால், உடனே உலைக்குக் கொண்டுபோகாமல் வாயை இம்மியளவு தேய்த்து மறுபடி சோதியுங்கள். பல நேரம் கார்பன் போன தோல்தான் அங்கே மிச்சமிருக்கும்.