வைத்தியசாலையிலிருந்து எங்கே போவது? லண்டனில் ஓர் அண்ணைக்கு அறை கிடைத்த கதை

லண்டனில் வீடில்லாத ஒருவர் வைத்தியசாலையில் படுத்திருந்தால் அவருக்குப் பொறுப்பான இடங்கள் மூன்று. உடம்பை அரசின் பொதுச் சுகாதார சேவையான என்எச்எஸ் பார்க்கும். வீட்டுக்கு, உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலின் ஹவுசிங் பிரிவு. குளிக்க, உடுக்க, சமைக்க ஆள் உதவி வேண்டுமா என்று பார்ப்பது அதே கவுன்சிலின் சோஷியல் கேர் பிரிவு. இவை மூன்றும் ஒன்றோடொன்று கதைத்தால் காரியம் நடக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் கைகாட்டிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த அண்ணை ஒருவருக்காக அலைந்ததில் எனக்குப் பிடிபட்டவற்றை எழுதி வைக்கிறேன்.

அண்ணைக்கு 62 வயது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், பிரிட்டிஷ் பிரஜை. பலசரக்குக் கடையொன்றில் வேலை, கடைக்கு மேலேயே அறை. நான் படிக்கிற காலத்தில் சனி, ஞாயிறுகளில் அங்கே வேலை செய்த பழக்கம். போன வருடம் கடை கைமாறியதும் வேலையும் அறையும் சேர்ந்தே போய்விட்டன. அதற்குப் பிறகு ஒரு நண்பர் வீட்டு சோபா, இன்னொருவர் வீட்டு ஹால், சில இரவுகள் பஸ். எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. சீனி வருத்தக்காரர். காலில் வந்த புண் முற்றி, இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

வார்டில் விலாசம் கேட்டபோது நண்பரின் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். வீட்டில் பார்க்க ஆள் இருக்கிறதா என்றதற்கு "ஓம், இருக்கினம்" என்றும் சொல்லியிருக்கிறார். கணினியில் விலாசம் இருக்கிறது, ஆளும் இருக்கிறது, பிறகு யார் மேற்கொண்டு கேட்கப் போகிறார்கள்? தெருவில் படுத்தால்தான் வீடில்லாதவர் என்று நம் ஆட்கள் நினைக்கிறோம். இங்கிலாந்துச் சட்டப்படி, உரிமையோடு தங்க ஓர் இடமில்லாமல் நண்பர் விடும்வரை சோபாவில் படுப்பவரும் வீடற்றவர்தான். இதை அவருக்கு விளங்கப்படுத்தவே நிறையக் கதைக்க வேண்டியிருந்தது.

2017இல் இயற்றப்பட்ட வீடின்மைக் குறைப்புச் சட்டம் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த அக்டோபரிலிருந்து, நோயாளி ஒருவர் வீடில்லாதவர் அல்லது வீடிழக்கப் போகிறவர் என்று தெரிந்தால், அவருடைய சம்மதத்தோடு, அவர் சொல்லும் கவுன்சிலுக்கு வைத்தியசாலை அறிவிக்க வேண்டும். 'டியூட்டி டு ரெஃபர்' என்பார்கள். வார்டில் நான் முதலில் கேட்ட தாதிக்கு இது தெரியவில்லை. நோயாளிகளை வெளியே அனுப்பும் ஏற்பாட்டைப் பார்க்கும் டிஸ்சார்ஜ் கோர்டினேட்டருக்குத் தெரிந்திருந்தது, அன்றைக்கே அனுப்பினார். ஆனால் அந்த அறிவித்தல் விண்ணப்பம் ஆகாது. கவுன்சிலைத் தொடர்புகொண்டு விண்ணப்பத்தைத் தொடங்குவது தனி வேலை. எந்தக் கவுன்சில் என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பொதுவாக, கடைசி 12 மாதத்தில் 6 மாதம் அல்லது கடைசி 5 வருடத்தில் 3 வருடம் அந்த ஊரில் இருந்திருக்க வேண்டும். அண்ணையின் சோபாக்கள் பல ஊரில் இருந்தாலும் கடை அறையில் இருந்த வருடங்கள் கைகொடுத்தன. பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்தோம்.

பிறகு சுற்றவிட்டார்கள். "அவருக்கு என்ன உதவி தேவை என்று சோஷியல் கேர் முதலில் சொல்லட்டும்" என்றது ஹவுசிங். "எங்கே போகிறார் என்று தெரிந்தால்தானே மதிப்பீடு செய்யலாம்" என்றது சோஷியல் கேர். ஒரே கவுன்சில்! வார்டோ, "வைத்தியப்படி அவர் போகலாம், கட்டில் வேண்டும்" என்றது. 2014ஆம் ஆண்டு கேர் சட்டத்தின்படி, உதவி தேவைப்படுவதாகத் தோன்றும் எந்த வயது வந்தவரையும் கவுன்சில் மதிப்பீடு செய்தாக வேண்டும். வீடு கிடைத்த பிறகுதான் என்று அதில் இல்லை. இதை மின்னஞ்சலில் எழுதிக் கேட்ட பிறகு திகதி கிடைத்தது. தொலைபேசியில் கேட்டவரை கிடைக்கவில்லை.

உண்மையில் விஷயத்தை நகர்த்தியது ஒரு கடிதம். பிள்ளைகள் இல்லாத தனி ஆளுக்கு கவுன்சில் உடனே தற்காலிக இடம் தர வேண்டுமென்றால், பொதுவாக அவர் 'பலவீனமான நிலையில் உள்ளவர்' என்று நம்பக் காரணம் வேண்டும். வீடில்லாமல் போனால் சாதாரண ஒருவரைவிட இவருக்குக் கணிசமாகக் கூடுதல் தீங்கு வருமா என்பதுதான் அளவுகோல், 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டாக்டர் முதலில் தந்த கடிதத்தில் நீரிழிவு, விரல் அகற்றல், வீடு தேவை என்று மூன்று வரி. ஹவுசிங்கில் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு பாதப் பிரிவிலிருந்து வேறொன்று எழுதி வாங்கினோம். காலில் உணர்ச்சியில்லை, காயம் பட்டாலும் தெரியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்ட வேண்டும், தாதி வருவதற்கு ஒரு கதவு இலக்கம் வேண்டும். திறக்காத இன்சுலினை வைக்க குளிர்சாதனப் பெட்டி வேண்டும். புண்ணில் கிருமி தொற்றினால் அடுத்தது பாதம் போகலாம். வீடும் உடம்பும் எங்கே முட்டுகின்றன என்பது அதில் இருந்தது. வருத்தத்தின் பெயரை எழுதுவதால் பயனில்லை, வீடில்லாவிட்டால் அந்த வருத்தம் என்ன செய்யும் என்று எழுதக் கேளுங்கள்.

அந்தக் கடிதத்தை மூன்று பேருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிய கோர்டினேட்டர், கட்டிலருகே தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு எல்லோரையும் இணைத்தார். மொழிபெயர்க்க நான் தயாராக இருந்தும், வைத்தியசாலையின் மொழிபெயர்ப்பாளரைத்தான் கேட்டோம். அது இலவசம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருந்தது. என் முன்னால் அண்ணை, "எனக்கென்ன தம்பி, சமாளிப்பன்" என்பார். முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் பஸ்ஸில் படுத்ததைச் சொன்னார். சாப்பாடு நிச்சயமில்லாத நாட்களில் சீனி இறங்கிவிடும் என்று பயந்து இன்சுலின் போடாமல் விட்டதையும் சொன்னார். காலுக்கு அப்படி ஆனது ஏன் என்று டாக்டருக்கே அப்போதுதான் விளங்கியது.

இடம் கிடைத்தது, வேறொரு கவுன்சில் எல்லையில், இரண்டாம் மாடியில். லிஃப்ட் இல்லை. தற்காலிக இடமானாலும் ஆளுக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் குறிப்பிட்டு எழுதியதும் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். ஆனால் எல்லை தாண்டியதால் பழைய தாதிமார் அங்கே வரமாட்டார்கள், புதிய ஜிபியில் (குடும்ப டாக்டரிடம்) பதிய வேண்டும். வரவேற்பில் விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். என்எச்எஸ் இங்கிலாந்தின் விதிப்படி விலாச அத்தாட்சியோ அடையாள அட்டையோ இல்லை என்பதற்காகப் பதிவை மறுக்க முடியாது. அதை அச்செடுத்துக் காட்டினோம். இதற்கிடையில் மருந்து கட்டுவது தவறிய நாட்களும் உண்டு. அதை நினைத்தால் இப்போதும் கோபம் வரும்.

காசு விஷயம் சுருக்கமாக. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகையின் முதல் பணம் வர ஏறக்குறைய ஐந்து வாரம். முன்பணம் கேட்கலாம், ஆனால் அது கடன். கவுன்சில் தரும் தற்காலிக இடத்தின் வாடகைக்கு ஹவுசிங் பெனிஃபிட் என்று தனியே கவுன்சிலிடமே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் ஒன்றென்று நினைத்து விட்டவர்களுக்கு வாடகைப் பாக்கி ஏறும்.

கவுன்சில் முதல் 56 நாள் வீடு தேட உதவும். அதற்குள் கிடைக்காவிட்டால் வீடு ஏற்பாடு செய்யும் முழுப் பொறுப்பு தனக்கு உண்டா இல்லையா என்று எழுத்தில் முடிவு தர வேண்டும். மறுத்தால் 21 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு இதற்குச் சட்ட உதவி உண்டு, ஷெல்டர் தொண்டு நிறுவனமும் ஆலோசனை சொல்லும். அண்ணைக்கு அது தேவைப்படவில்லை, பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

2009இல் யூனிவர்சிட்டி காலேஜ் வைத்தியசாலையில் பாத்வே என்ற ஏற்பாடு தொடங்கியது. வீடில்லாத நோயாளிகளுக்கென்றே ஒரு ஜிபியும் தாதியும் வார்டுக்கு வந்து மற்ற இரு பக்கங்களையும் இணைப்பார்கள். மூன்று துறையும் ஒரே குழுவாக வேலை செய்ய வேண்டும் என்று 2022இல், சுகாதார வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டியும் வந்தது. அண்ணை இருந்த வைத்தியசாலையில் அப்படியொரு குழு இல்லை. அங்கே அந்தக் குழு என்பது அந்தக் கோர்டினேட்டர் ஒருவர்தான். அவர் லீவில் போன வாரம் ஒரு மின்னஞ்சலுக்கும் பதில் வரவில்லை. அவருடைய நல்ல மனதை நம்பி ஒரு ஏற்பாடு ஓடக்கூடாது என்பது என் கருத்து.

இப்போது அண்ணை 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஷெல்டர்ட் ஹவுசிங்கில் இருக்கிறார். கீழ்த்தளம், குளியலறையில் இழுத்தால் ஆள் வரும் கயிறு, காலையில் உதவிக்கு ஒருவர். புண் ஆறிவிட்டது. மின்சார அடுப்பில் தோசை ஒழுங்காக வருவதில்லை என்று குறைப்படுகிறார். உடல் இயலாமைக்கான பிஐபி உதவித்தொகை விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை, அது தனிக் கதை.