மாசி, பங்குனியில் தூத்துக்குடித் துறைமுகக் கரைப் பறவைகள்

தூத்துக்குடிக்குப் பறவை பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் மார்கழி, தையோடு முடித்துக்கொள்கிறார்கள். அப்போது கூட்டம் பெரிது, வெயிலும் உறைக்காது. ஆனால் கரைப்பறவைகளைப் பொறுத்தவரை அந்த மாதங்களில் எல்லாமே சாம்பலும் வெள்ளையும்தான். மாசி பிறந்த பிறகுதான் இனப்பெருக்கக் கால நிறம் ஏறத் தொடங்கும். பங்குனிக் கடைசிக்குள் வளைமூக்கு உள்ளானின் வயிறு செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். மணல் உப்புக்கொத்திகளின் மார்பில் ஆரஞ்சுப் பட்டை தெரியும். சித்திரை முதல் வாரங்களில் அவை ஒவ்வொரு கூட்டமாக வடக்கே கிளம்பிவிடும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரையான இந்த ஏழெட்டு வாரங்கள்தான் இந்தக் கரையின் சிறந்த பருவம் என்பது எங்கள் கருத்து.

முதலில் தண்ணீரைப் பற்றி. வெளிநாட்டுக் கையேடுகள் படிக்கிறவர்கள், வற்றம் வந்தால், அதாவது கடல்நீர் இறங்கினால், சேற்றுவெளி கிலோமீட்டர் கணக்கில் திறக்கும் என்று எதிர்பார்த்து வருவார்கள். மன்னார் வளைகுடாவில் அப்படி இல்லை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் ஒரு மீட்டரைத் தாண்டாது. அட்டமி, நவமி பக்கம் அதுவும் சுருங்கிவிடும். ஆனால் கரை தட்டையாக இருக்கும் இடங்களில் நீர் ஒரு சாண் இறங்கினாலே பறவைக்குப் போதும். அதனால் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ அடுத்த இரண்டு மூன்று நாட்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நீரேற்ற நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஏற்ற, வற்றச் செயலிகள் காட்டும் நேரம் திறந்த கரைக்கானது. ஓடைகளின் உட்பகுதியில் நீர் அதற்குப் பிந்தித்தான் ஏறும், பிந்தித்தான் இறங்கும். காற்று கரையை நோக்கி அடித்தால், அட்டவணைப்படி வற்றமாக இருந்தாலும் சேறு திறக்காமலே போகலாம்.

நீர் ஏறியதும் பறவைகள் போய் அமரும் இடம் உப்பளம். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதிகாலையில் ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நாளாகப் பார்த்து வாருங்கள். விடிந்ததும் உப்பளத்தில் ஓய்வெடுக்கும் கூட்டத்தைப் பார்த்து எண்ணிவிட்டு, எட்டு மணிக்கு மேல் நீர் இறங்க இறங்கக் கரைக்குப் போகலாம். காலையில் வற்றம் வரும் நாளில் வரிசை தலைகீழாகிவிடும். பறவைகள் உப்பளத்துக்குத் திரும்பும் நேரத்தில் கானல் ஏறி எதுவும் தெளிவாகத் தெரியாது.

எல்லா உப்பளமும் பறவைக்கு ஒன்றல்ல. கடல்நீரின் அடர்த்தி, உப்பளங்களில் உப்புநீரை அளக்கும் போமே அளவில் மூன்று, மூன்றரை டிகிரி. அது பாத்தி பாத்தியாக நகர்ந்து வெயிலில் காய்ந்து 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். அடர்த்தி குறைந்த முதல் பாத்திகளில் சிறு மீன், புழு, இறால் குஞ்சு எல்லாம் இருக்கும். கொக்கு, ஆலா, பவளக்காலி, பச்சைக்காலி அங்கேதான் மேயும். நடுத்தர அடர்த்தியில் மீன் போய் உப்புநீர் இறாலும் உப்பு ஈயின் புழுக்களும் பெருகும். பூநாரை, நெடுங்கால் உள்ளான், கொசு உள்ளானுக்கு அதுதான் சாப்பாட்டு மேசை. உப்பு விளையும் கடைசிப் பாத்தியில் இரை எதுவும் இருக்காது. அங்கே பறவை நின்றால் ஓய்வுக்குத்தான் நிற்கும். வடகிழக்குப் பருவமழைத் தண்ணீரில் நீர்த்துப்போன பாத்திகள் மாசியில் மெல்லக் காய்ந்து அடர்த்தி ஏறிக்கொண்டிருக்கும். அதனால் போன வாரம் கூட்டம் நின்ற பாத்தி இந்த வாரம் வெறுமையாகக் கிடக்கலாம். பறவை ஊரைவிட்டுப் போய்விட்டது என்று முடிவு கட்டாமல், நீர் வரும் திசையில் இரண்டு மூன்று பாத்தி தள்ளிப் பாருங்கள். ஆழ்குழாயிலிருந்து நிலத்தடி உப்புநீரை இறைக்கும் அளங்களில் தொடக்கத்திலேயே அடர்த்தி கூடுதல். அங்கே முதல் பாத்தியில்கூட மீன் தின்னிகளை எதிர்பார்க்க முடியாது.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இது கிழக்கு பார்த்த கரை. காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் கண்ணில் அடிக்கும். ஆலாவின் அலகு மஞ்சளா ஆரஞ்சா என்பதே தெரியாது. காலையில் சூரியனை முதுகில் வைத்து மேற்கே உப்பளத்தைப் பாருங்கள். கடலையும் துறைமுகச் சுவர்களையும் மாலை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ரோச் பூங்காவை ஒட்டிய கடற்கரைச் சாலை, முத்துநகர் கடற்கரை, முயல் தீவுப் பக்கம் மூன்றுமே மாலைக்கு ஏற்றவை. திரேஸ்புரம் மட்டும் விதிவிலக்கு. வள்ளங்கள் கரை சேர்ந்து வலை உதறும் நேரத்தில்தான் கடற்காகங்கள் காலடி வரை வரும் என்பதால் வெளிச்சம் எப்படி இருந்தாலும் அப்போதே போய்விடுவது நல்லது.

அந்தக் கடற்காகக் கூட்டத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மாசியில் பலருக்கும் குழப்பம் வருவது இங்கேதான். கூட்டத்தில் பெரும்பாலும் பழுப்புத்தலைக் கடற்காகம். இடையில் சில கருந்தலைக் கடற்காகம். தையில் இரண்டுக்கும் தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி. மாசியில் அந்தப் புள்ளியிலிருந்து பழுப்பு பரவி, பாதி முக்காடு போட்ட பறவைகள் நிற்கும். அந்த அரைகுறை முக்காட்டை வைத்துப் பெயர் சொல்லக் கூடாது. ஒரே இனத்திலேயே ஒன்று முழுதாக நிறம் மாறியிருக்கும், பக்கத்தில் நிற்பது இன்னும் தொடங்கியிருக்காது. இறக்கை நுனியைப் பாருங்கள். வளர்ந்த பழுப்புத்தலைக்கு நுனி அகலமான கறுப்பு, அதற்குள் பளிச்சென்று இரண்டு வெள்ளைப் பொட்டு. கருந்தலைக்கு இறக்கையின் முன்விளிம்பு நெடுக வெள்ளை, நுனியில் மெல்லிய கறுப்புக் கோடு மட்டும். பறக்கும்போது ஒரே நொடியில் பிரித்துவிடலாம். நின்றிருந்தால் கண்ணைப் பார்க்க வேண்டும்: வளர்ந்த பழுப்புத்தலையின் விழி வெளிறியது, கருந்தலைக்குக் கருவிழி. அலகும் பழுப்புத்தலைக்குத் தடிமன். ஓராண்டுக் குஞ்சுகள் வேறு கதை. பழுப்புத்தலையின் குஞ்சுக்கு வெள்ளைப் பொட்டும் இருக்காது, விழியும் கறுப்பு. ஆனால் இறக்கை நுனியின் அகலக் கறுப்பு அப்போதும் இருக்கும். பங்குனியாகியும் தலை சுத்த வெள்ளையாக, நெற்றி சரிந்து, கழுத்தும் அலகும் நீண்டு ஒன்று நின்றால் நிதானித்துப் பாருங்கள். அது மெல்லலகுக் கடற்காகமாக இருக்கலாம். அதற்கு முக்காடே வராது.

பல்லாஸ் கடற்காகம் எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்ளும். மாசிக்குள்ளேயே பலவற்றுக்குத் தலை கன்னங்கறுப்பாகிவிடும். உருவத்திலேயே மற்றவற்றைச் சின்னதாக்கிவிடும் என்பதால் தவறவே முடியாது.

ஆலாக்களை அலகைக் கொண்டே பிரித்துவிடலாம். காஸ்பியன் ஆலாவுக்குத் தடித்த சிவப்பு அலகு, பெரிய கொண்டை ஆலாவுக்குப் பசுமஞ்சள், சிறிய கொண்டை ஆலாவுக்கு ஆரஞ்சு, சாண்ட்விச் ஆலாவுக்குக் கறுப்பு அலகில் மஞ்சள் நுனி, பருத்த அலகு ஆலாவுக்கு முழுக் கறுப்பு. உப்பளத்து மேல் தாழப் பறந்து நீரைத் தொட்டுத் தொட்டு எழுவது மீசை ஆலா. பங்குனியில் அதன் வயிறு கருக்கத் தொடங்கும். மிதவை, கழி, பழைய கற்சுவர் எதையும் விடாதீர்கள், ஆலாக்கள் வரிசையாக அமர்ந்திருக்கும்.

கரைப்பறவைகளில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது மணல் உப்புக்கொத்திகளோடுதான். சிறிய மணல் உப்புக்கொத்தி என்று ஒன்றாக எழுதி வந்ததை அண்மையில் திபெத்திய மணல் உப்புக்கொத்தி, சைபீரிய மணல் உப்புக்கொத்தி என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். குளிர்கால உடையில் இரண்டையும் களத்தில் பிரிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். பங்குனியில் நிறம் ஏறிய ஆண் பறவையில் முடியும். திபெத்தியத்துக்கு நெற்றி பெரும்பாலும் முழுக் கறுப்பு. மார்புப் பட்டைக்கும் தொண்டை வெள்ளைக்கும் இடையே கறுப்புக் கோடு இருக்காது. சைபீரியத்துக்கு நெற்றியில் வெள்ளை உண்டு, அந்த மெல்லிய கறுப்புக் கோடும் உண்டு. பெரிய மணல் உப்புக்கொத்தியைப் பிரிக்க அலகை அளந்து பாருங்கள்: அலகின் நீளம், அதன் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையான தூரத்தைவிடக் கூடுதலாக இருக்கும். பறக்கும்போது பாதம் வாலைத் தாண்டி நீளும். பறவை நேர் பக்கவாட்டில் நிற்காதபோது இந்த அளவை நம்ப வேண்டாம். தலை அரைவாசி திரும்பினாலும் அலகு குட்டையாகத் தெரியும். ஐயம் தீராவிட்டால் 'மணல் உப்புக்கொத்தி' என்று பொதுவாக எழுதுவதே நேர்மை.

வளைமூக்கு உள்ளான் வடசைபீரியத் தூந்திரத்தில் கூடுகட்டும் பறவை. உலக அளவில் அதன் எண்ணிக்கை சரிந்துவருவதால் 2024 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) செம்பட்டியலில் அதை அழிவாய்ப்புள்ள இனமாக உயர்த்தினார்கள். சாம்பல் உப்புக்கொத்திக்கும் அதே நிலை. பங்குனியில் இவை நாளெல்லாம் மேய்வது பயணத்துக்கான கொழுப்பைச் சேர்க்கத்தான். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அந்தச் சேமிப்பில் கைவைக்கிறோம். இதைச் சொல்லாமல் இனங்காணலைப் பற்றி மட்டும் பேசுவது சரியில்லை. பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்று, அவை மறுபடி குனிந்து மேயும்வரை அசையாதீர்கள். பவளக்காலிதான் முதலில் கத்தும். அது கத்தினால் மொத்தக் கூட்டமும் எழும். வரப்பின் மேல் நிமிர்ந்து நடந்தால் வானத்தில் உங்கள் உருவம் பளிச்சென்று தெரியும், வரப்பை ஒட்டித் தாழ நடங்கள். வண்டி போகும் பாதை இருந்தால் காருக்குள் இருந்தே பார்ப்பது இன்னும் நல்லது.

அனுமதி விஷயம். வ.உ.சி. துறைமுக வளாகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. உள்ளே கேமராவோடு போக நினைக்க வேண்டாம், வாயிலருகேயும் படமெடுக்காதீர்கள். 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வான் தீவு, காசுவார் தீவு போன்றவை இந்த ஊருக்கு அருகில்தான் உள்ளன. வனத்துறை அனுமதியின்றி இறங்கக் கூடாது. உப்பளங்கள் தனியாருடையவை அல்லது குத்தகையில் இருப்பவை. தொழிலாளர்கள் வெயிலுக்கு முந்த இருட்டோடு வேலைக்கு வந்துவிடுவார்கள், மேற்பார்வை பார்ப்பவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு நுழையுங்கள். உப்பு விளையும் பாத்தியின் ஓரத்தில் கால் வைத்தால் சேறு கலந்து அந்த இடத்து உப்பு கெடும். அது அவர்களின் கூலி.

எண்ணும்போது முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்துங்கள். கொசு உள்ளான் நெருக்கமாக நிற்கும், நெடுங்கால் உள்ளான் தள்ளித் தள்ளி நிற்கும். ஒன்றின் அளவை மற்றதுக்குப் போட்டால் கணக்கு எங்கோ போய்விடும். பெரிய பிழை வருவது இரட்டை எண்ணிக்கையில். காலை உப்பளத்தில் எண்ணிய கூட்டம்தான் எட்டு மணிக்குச் சேற்றில் நிற்கிறது. பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் இரண்டு இடத்துக்கும் தனித்தனிப் பட்டியல் போட்டு, நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று குறிப்பில் எழுதுங்கள். பிற்பாடு படிக்கிறவருக்கு அந்த ஒரு வரிதான் மிகவும் பயன்படும்.

கருவிகளில் பைனாகுலருக்கு 8x42 போதும். ஸ்கோப் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) 20–60 மடங்கு பெருக்கினாலும், ஒன்பது மணிக்கு மேல் 30-ஐத் தாண்டாதீர்கள். உருப்பெருக்கம் கூடக் கூடக் கானலும் சேர்ந்து பெருகும். வெளிறிய உப்பளப் பின்னணியில் கேமரா தானாகப் படத்தை இருட்டாக்கும், உள்ளான்கள் கரும் நிழலாக விழும்; எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை ஏற்றுங்கள். நீலக் கடல் பின்னணியில் வெள்ளைக் கடற்காகத்துக்கு நேர் எதிராக அரை ஸ்டாப் இறக்க வேண்டும், இல்லையென்றால் இறகின் மடிப்பே தெரியாது. வீடு திரும்பியதும் கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். காய்ந்த உப்பு மேற்பூச்சைக் கீறிவிடும். முதலில் புளோயரால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, கடைசியாகத்தான் மைக்ரோஃபைபர். முக்காலியின் கால் பூட்டுகளைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் அடுத்த பருவத்தில் திருகே நகராது.

பங்குனியில் இன்னொரு கவனமும் வேண்டும். வலசை போகாமல் இங்கேயே இருக்கும் ஹனுமான் உப்புக்கொத்தி, முன்பு கென்டிஷ் உப்புக்கொத்தியோடு சேர்த்து எண்ணப்பட்ட தென்னிந்திய, இலங்கைப் பறவை, இந்தச் சமயத்தில்தான் உப்பள வரப்புகளிலும் காய்ந்த பாத்தி ஓரங்களிலும் முட்டையிடத் தொடங்குகிறது. கூடு என்று ஒன்றும் இருக்காது; மண்ணில் சின்னக் குழி, அதில் மண் நிறத்திலேயே புள்ளி போட்ட முட்டை. ஒரு பறவை இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு உங்கள் முன்னால் ஓடினால், காலருகே முட்டையோ குஞ்சோ இருக்கிறது. படம் எடுக்க நிற்காதீர்கள். தாய் விலகிய முட்டை இந்த வெயிலில் சில நிமிடங்களில் வெந்துபோகலாம். பார்த்து அடி வைத்து, வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். கூடு இருந்த இடத்தைப் பொதுவெளியில் பகிரவும் வேண்டாம்.