காளான் மாத்திரையும் ஒரு வருடக் காத்திருப்பும்

எச்பிவி (உடலுறவில் தொற்றுகிற, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்வரை கொண்டுபோகக்கூடிய வைரஸ்) 16ஆம் வகை பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்த அன்று, மதுரையிலிருந்து திருமங்கலம் வரும்வரை பஸ்ஸில் அந்தத் தாளை நாலாக மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்தேன். லேப் கவுன்டரில் இருந்த பெண் "எச்பிவி ரிப்போர்ட் யாருக்கு?" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டது வேறு எரிந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 ஆகிய இரண்டு வகைகள்தான் காரணமாம், அதனால் அசட்டையாக விடக்கூடாது, ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே வைரஸை விரட்டிவிடும். எப்போது தொற்றியது என்று சொல்ல முடியாது, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும், வீட்டுக்காரரிடம் சண்டை போடாதீங்க என்றார் (முந்தின ராத்திரியே போட்டாச்சு). கால்போஸ்கோபியில், அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கிற சோதனையில், புளிப்பு வாடையடிக்கிற திரவத்தைத் தடவினார்கள். திரையில் ஒரு ஓரம் மட்டும் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்தது. அங்கே கிள்ளியெடுத்த சதையில் சிஐஎன் 1, அதாவது லேசான மாற்றம். சிகிச்சை வேண்டாம், ஒரு வருடம் கழித்து மறுபடி டெஸ்ட்.

சும்மா இருப்பதுதான் பெரும்பாடு. சித்தி மகள் ஏஎச்சிசி என்ற மாத்திரையைச் சொன்னாள், ஷிடாகே காளானின் இழைகளை வளர்த்து எடுக்கிற சத்து. "மழை பெய்யட்டும், புத்துக்காளான் பறிச்சுக் குழம்பு வைக்கிறேன்" என்றார் மாமியார். "அது வேற காளான், அத்தை" என்று புரியவைக்க ரெண்டு நாள் ஆனது.

டாக்டரிடம் கேட்டேன். 2022ல் ஒரு அமெரிக்க ஆய்வு வந்திருக்கிறது: தினம் 3 கிராம், வெறும் வயிற்றில், ஆறு மாதம் சாப்பிட்ட 22 பெண்களில் 14 பேருக்கு வைரஸ் போனது, வெற்று மாத்திரை சாப்பிட்ட 19 பேரில் 2 பேருக்குத்தான். ஆள் எண்ணிக்கை ரொம்பக் கம்மி, சாப்பிடுறதுன்னா சாப்பிடுங்க, டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீங்க என்றார். காலையில் ஆறு மாத்திரை, சீட்டுக் கட்டுகிற பணம் அதற்கே போனது.

போன மாதம் டெஸ்ட் நெகட்டிவ். "பார்த்தியா, காளான்!" என்கிறாள் சித்தி மகள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஆய்வில் இருந்தவர்களுக்கு ரெண்டு வருடத்துக்கு மேல் போகாத வைரஸ், எனக்குத் தெரிந்தே ஒரு வருடம்தான், தானாகவே போயிருக்கலாம். அடுத்த டெஸ்ட்டுக்குத் தேதி வாங்கியாச்சு. பதின்மூன்று வயது மகளுக்கு எச்பிவிக்கான முதல் தடுப்பூசியும் போட்டாச்சு, அடுத்தது ஆறு மாதம் கழித்து.